படை போட்ட சாலையில் ஓர் அழைப்பு

காலை ஒன்பது மணிக்கு ஒனிஹங்காவிலிருந்து கிளம்பினோம். மனுகாவ் வரை பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஓட்டியவர் ஜெயராஜ், மன்னார்க்காரர், எலக்ட்ரீஷியன். பக்கத்தில் மனைவி றெஜினா, குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அவர்கள் வீட்டில்தான் ஒரு வாரமாக எனக்கு அறை. நான் மதுரையில் சரித்திர வாத்தியார், விடுமுறைக்கு ஊர் சுற்ற வந்தவன். அன்று ஜெயராஜ் நியூசிலாந்துக் குடியுரிமை உறுதிமொழி எடுக்க வேண்டிய நாள். விழா மனுகாவ் மண்டபத்தில். போன முறை அதன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாராம். இந்த முறையும் தவறினால் விண்ணப்பமே செல்லாமல் போய்விடும். வழியில் ஆறு டாலருக்கு வாங்கிய காப்பியை அவர் தொடவேயில்லை.

கிரேட் சவுத் ரோட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் பழைய கார் விற்பவர்கள், டயர் கடைகள், அருகிலுள்ள தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் தேவாலயங்கள், நம் ஆட்களின் மளிகைக் கடைகள். இது நூற்றறுபது வருடங்களுக்கு முன் தெற்கே வைக்காட்டோவுக்குப் பிரிட்டிஷ் படை நடந்துபோகப் போட்ட சாலை. அங்கே பூர்வகுடிகளான மாவோரிக் குலங்கள் பல ஒன்றுகூடி, இனி நிலத்தை விற்பதில்லை என்று தங்களுக்கென ஓர் அரசரை வைத்துக்கொண்டன. அதை அடக்கப் பீரங்கி போனது, நிலம் பறிபோனது, நாடு பிரிட்டிஷ் முடி ஒன்றின் கீழ் வந்தது. புத்தகத்தில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அதே சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போது உடம்பு சிலிர்த்தது. தோற்ற பிறகும் அவர்கள் அந்த அரச பீடத்தை விடவில்லை, இன்றும் அங்கே ஓர் அரசி இருக்கிறார் என்பதை நினைக்க இன்னும் மலைப்பாக இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"எந்த நாட்டை எடுத்துக்கிட்டாலும் சரி ஜெயராஜ், ஒண்ணா சேரணும்னா ஒரு போரும், பிடிவாதமான ஒரு தலைவரும் வேணும். ஜெர்மனி, இத்தாலி, எல்லாம் அப்படித்தான்."

"ஓம் சேர்," என்றார், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல். "எங்களையும் அப்பிடித்தான் ஒண்டாக்கினவை. நாடு ஒண்டாயிட்டுது எண்டு ஸ்பீக்கரில சொல்லேக்க நான் முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்டனான். அண்ணாவைப் பதுங்குகுழிக்குள்ளயே மூடிப்போட்டு வந்து ரெண்டு கிழமைதான்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். றெஜினா திரும்பி, "இன்னொரு கொடிக்குக் கீழ நிண்டு சத்தியம் பண்ண இவருக்கு மனம் வரேல்லை சேர். அண்ணாவை விட்டிட்டுப் போற மாதிரி இருக்காம்" என்றார்.

மண்டபத்துக்கு எதிரே வண்டி நின்றது. ஜெயராஜ் இஞ்சினை அணைக்கவில்லை. வாசலில் சேலையும் கோட்டும் பூப்போட்ட சட்டையுமாக ஒரு கூட்டம். கதவு திறந்தே இருந்தும் ஒருவரும் உள்ளே போகவில்லை. மாவோரி முறையில் வரவேற்பு என்பதால், உள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைத்த பிறகுதான் விருந்தாளிகள் நுழைய வேண்டும் என்றார் றெஜினா. போன முறை அந்தக் குரல் வருவதற்கு முன்பே ஜெயராஜ் கிளம்பிவிட்டாராம்.

இந்த முறை குரல் வந்தது. கறுப்புடையில் ஒரு மாவோரிப் பெண் வாசலுக்குள் நின்று, மைக் இல்லாமல், இழுத்து அழைத்தார். பாதி ஒப்பாரி, பாதி வரவேற்பு. தெருவின் இரைச்சலைத் தாண்டி அது காருக்குள் வந்தது. அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று றெஜினாவிடம் கேட்டேன். காப்பக வேலைக்காக மாவோரி படித்தவர் அவர்.

"வாங்கோ எண்டு கூப்பிடுறா." கணவரைப் பார்த்தார். "உங்கட செத்த ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோவாம்."

"உண்மையா அப்பிடியோ சொல்லுறா?"

"ஓம். எப்பவும் அப்பிடித்தான் கூப்பிடுறவை."

ஜெயராஜ் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அழைத்தவர் வைக்காட்டோ குலத்தில் வந்தவர் என்று உள்ளே போன பிறகு தெரிந்தது. யாரை அடக்க இந்தச் சாலை போடப்பட்டதோ, அவர்களே வாசலில் நின்று எங்களை வரவேற்றிருக்கிறார்கள். ஜெயராஜ் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார். ஒரு சொல் விடாமல் முழுவதும் சொன்னார். பிறகு அந்தப் பெண் தங்கள் முறைப்படி அவர் மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்றபோது, என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார். ஊரில் பள்ளி திறந்ததும் மறுபடி நாடுகள் ஒன்றான பாடம்தான், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்கட நாட்டில எல்லாத்தையும் மறந்திட்டு ஒண்டா இருங்கோ எண்டவை சேர். நேற்று அந்த மனுசி ஒருத்தரையும் விட்டிட்டு வரச் சொல்லேல்லை."