மூடினாலும் போகாத பதினான்கு ஜன்னல்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், பழவங்காடியில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிடியூட் கம்ப்யூட்டர் சென்டராக மாறியது. போர்டு ஒரே நாளில் மாறிவிட்டது. நாற்பத்தொரு வயதில் நான் அத்தனை வேகமாக மாறுகிற ஜாதி இல்லை.

ஓனர் நாகர்கோவில்காரர், பாதி மலையாளியாகிவிட்டவர். ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார். “சாரே, வெள்ளிக்கிழமை பிள்ளைகளோட அப்பாம்மாரெல்லாம் வருவாங்க. நீங்களே புரோகிராம் எழுதி ஒரு ஜன்னல், அதான் விண்டோ, ஸ்க்ரீன்ல திறந்து காட்டணும், கேட்டோ. காட்டினா புது பேட்ச் உங்களுக்கு. இல்லேன்னா டைப்ரைட்டரை விக்கிற அன்னைக்கு நீங்களும் கிளம்பலாம்.”

ஜன்னலைச் சுலபமாகச் செய்துதரும் சாஃப்ட்வேர் எங்கள் கிழட்டு மெஷினில் ஏறாது. சி மொழியில் விண்டோஸிடம் நேரடியாகக் கெஞ்ச வேண்டும். ஜன்னலுக்கு ஒரு வகை பதிவு செய், உண்டாக்கு, காட்டு, பிறகு யாராவது மௌஸைத் தொட்டார்களா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இரு. ஒரு வெற்றுச் சதுரத்துக்கு எண்பது வரி. கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை நீளம் அடித்ததில்லை.

புதன்கிழமை சதுரம் வந்தது. மூடினேன், போனது. ஒரு வரி திருத்தி மறுபடி உருவாக்கினால், பழைய ஃபைலின் மேல் எழுத முடியாது என்றது கம்ப்யூட்டர். டைப்ரைட்டர்காரன் புத்தி வேறென்ன செய்யும்? தாள் கெட்டால் புதுத் தாள். ஜன்னல்2 என்று புதுப் பெயர் கொடுத்தேன். அதுவும் அடம்பிடித்தது, ஜன்னல்3. வியாழக்கிழமை மத்தியானம் ஜன்னல்14 வந்தபோது மெஷின் மூச்சு வாங்கியது. எனக்கு அதைவிட அதிகமாக வாங்கியது. வைரஸ் என்று முடிவு கட்டி, ராஜினாமாக் கடிதத்தின் முதல் பாராவை மனசுக்குள் அடித்தும்விட்டேன், பிழையில்லாமல்.

லேப் பார்த்துக்கொண்ட ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண்மணி வந்து கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வந்தது. ஜன்னல்1 முதல் ஜன்னல்14 வரை எல்லாம் உயிரோடு.

“சார், நீங்க ஜன்னலைத்தான் சாத்தினேள். உள்ள இருக்கறவா யாருமே ஆத்துக்குக் கிளம்பலையே!”

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஃபைல் மேல் எழுத விண்டோஸ் விடாது. ஜன்னல் மூடியதும் புரோகிராமை முடித்துக்கொள் என்று ஒரு வரி எழுத வேண்டும். புத்தகத்தில் இருந்தது. மூடினால் முடிந்ததுதானே என்று நானே அதை விட்டிருந்தேன்.

“நன்னாத்தான் சிக்கனம் பண்ணினேள்,” என்றபடி போனார்.

அந்த வரியைச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் ஜன்னல் திறந்தது. மூடியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிஜமாகவே போனதா என்று பார்த்தாக வேண்டியிருந்தது. மூன்று பட்டன்களையும் அமுக்கினேன். பட்டியலில் என் புரோகிராம் இல்லை. நம்பாமல் இன்னொரு தரம் அமுக்கினேன். இரண்டாம் தரம் அமுக்கினால் மெஷினே புதிதாக ஸ்டார்ட் ஆகும் என்பதைப் பயம் மறைத்துவிட்டது. திரை கறுத்தது.

முன்வரிசை அப்பா ஒருவர் எழுந்தே விட்டார். “கொள்ளாமே, பலே! மெஷினையே அணைச்சிட்டாரே. இதும் சி தானா சார்?”

“ஆமா,” என்றேன்.

பேட்ச் எனக்கே கிடைத்தது. தினமும் காலை ஆறரைக்கு, வாரம் ஆறு நாள். முதல் நாளே ஒரு பெண் கையைத் தூக்கினாள்: “சார், அந்த மெஷின் அணைக்கிற புரோகிராம் எப்போ சொல்லித் தருவீங்க?”