நவமணி வைத்த இடுப்புப் பட்டை

நம் ஆம்பிளைகளிடம் இடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், தொப்பைக்குக் கீழே கையை வைத்துக் காட்டுவார்கள். கைலியும் அங்கேதான், சிலுவார் என்கிற கால்சட்டையும் அங்கேதான். தேவனும் அப்படித்தான். ஜீன்ஸில் போட்டிருந்த முப்பத்தாறை நம்பி, இணையத்தில் மலிவு விலைக் கில்ட் ஒன்றை வாங்கிவிட்டான்.

கில்ட் என்பது ஸ்காட்லாந்து பாணியில் பேக்பைப் ஊதுகிற பேண்டுக்காரர்கள் கட்டுகிற, பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்த, கட்டம் போட்ட உடுப்பு. தேவன் காதுபடப் பாவாடை என்று சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவான். மலேசியாவில் ஈப்போ பக்கத்து லகாட்டில் கல் லாரி ஓட்டுகிற நாற்பத்தாறு வயது மனிதன், இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஈப்போவில் ஒரு பேண்டுக் குழுவில் பெரிய டிரம் அடித்துப் பழகியிருந்தான். வருகிற சனிக்கிழமை திடலில் அணிவகுப்பு. ஊர் பார்க்க அவன் நடக்கப்போவது அதுதான் முதல் தடவை. ஆனால் பேண்டு மாஸ்டர் விஸ்வலிங்கம், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, யாழ்ப்பாணத்து வம்சம், மகா கறார். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் எவன் உடுப்பு சரியில்லையோ அவன் சனிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வந்து சேர்ந்த கில்ட்டைக் கட்டிப் பார்த்தால் கெண்டைக்கால் வரை தொங்கியது. டவுனில் பெயர்பெற்ற தையல்கடைக்காரரிடம் கொண்டுபோனான். அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மலிவுச் சரக்கில் கைவைக்க முடியாது, நல்லதாக ஒன்று வாங்கிக்கொள் என்று திருப்பிக் கொடுத்தார். நல்லதாக ஒன்று வர மூன்று மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவன் அதைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு, சிலிபினில் இருக்கும் அண்ணி நவமணியிடம் வந்தான்.

நவமணி கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவில் ஏற்றுமதித் துணித் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தாள். என்ன தைத்தாள் என்றால், இடுப்புப் பட்டை. கால்சட்டையின் காலை ஒருத்தி தைப்பாள், ஜிப்பை ஒருத்தி வைப்பாள், பட்டை இவளுடையது. ஒரு நாளைக்கு ஐந்நூறு இடுப்பு. அதெல்லாம் பெட்டியில் அடைந்து கப்பலேறிப் போய்விடும், எவன் போட்டான் எங்கே நடந்தான் என்று இவளுக்குத் தெரியாது. தொழிற்சாலையை மூடியபோது டவுனில் வேலை கேட்டுப் போனாள். "முழுசா ஒரு உடுப்பு தைக்கத் தெரியாதா? அப்புறம் என்னம்மா டெய்லர்?" என்று சிரித்தவர், இப்போது தேவனைத் திருப்பியனுப்பிய அதே கடைக்காரர்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கென்றாலும் ஆறாது. இப்போது அவள் சிலிபினில் ஒரு மளிகைக்கடை ஓரத்தில் மெஷின் போட்டு, தொளதொளத்ததைப் பிடித்தும் இறுகினதை விட்டும் கொடுக்கிற ஆல்டர் வேலை பார்க்கிறாள்.

"அண்ணி, கீழ மூனு இஞ்ச் வெட்டிடுங்க. இடுப்பு சரியாத்தான் இருக்கு," என்றான் தேவன்.

நவமணி அடி விளிம்பை விரலால் தடவினாள். மடித்துத் தைத்த விளிம்பே இல்லை. தறியில் நெய்யும்போதே முடிந்த கரை அது. வெட்டினால் நூல் பிரியும்; மடித்துத் தைத்தாலோ மடிப்பெல்லாம் மொத்தையாகி நிற்கும்.

"இத வெட்டுறதுக்கு ஒன்ன வெட்டலாம். மேல இழு."

"எதுவரைக்கும்?"

"தொப்புளுக்கு மேல."

இழுத்தான். கரை முழங்காலில் வந்து கச்சிதமாக நின்றது. ஆனால் இப்போது முன்பக்கம் மூடவில்லை. நவமணி அளவு நாடாவைச் சுற்றினாள். நாற்பத்திரண்டு.

"முப்பத்தாறுன்னு யாருலா சொன்னது?"

"ஜீன்ஸ்ல போட்டிருக்கு அண்ணி."

"ஜீன்ஸு பொய் சொல்லுது. நீயும் இருபது வருசமா நம்பிக்கிட்டு இருக்கே."

தேவன் தலையைச் சொறிந்தான். "பின்னு குத்தி விட்டுடலாமா? முன்னால டிரம்மு மறைச்சிடும்."

"பின்னால எவன் மறைப்பான்? வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் போன பிறகு கில்ட்டைத் தொடவே யோசித்தாள். கெடுத்துவிட்டால் தேவன் அணிவகுப்புக்கு வெளியே நிற்பான். டவுன்காரர் அன்றைக்குச் சிரித்ததும் நியாயமாகிவிடும்.

திங்கட்கிழமை சுலப வழியைப் பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் மும்மூன்று மடிப்பைப் பிரித்து ஆறு இஞ்ச் எடுத்தாள். தேவனை வரவழைத்துக் கட்டிப் பார்த்தால், ஓரங்கள் தட்டையாகக் கிடந்தன, முன்பக்கக் கட்டம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. தேவன் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தான். அவன் மூஞ்சியே சொன்னது.

அவனை அனுப்பிவிட்டு, கில்ட்டை மேசையில் விரித்து, பழைய பட்டையை முழுக்கப் பிரித்தெடுத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மடிப்பும் கீழே அகலமாகவும், இடுப்புக்கு வரவரக் குறுகலாகவும் தைத்திருந்தது. அந்தக் குறுகலைத் தளர்த்திவிட்டால் மடிப்புக்குக் கால் இஞ்ச் கிடைக்கும். மடிப்பு மொத்தம் இருபத்துநான்கு. அட, கணக்கு ஆறு இஞ்சில் வந்து நிற்கிறதே என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில், மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்று நாள் உட்கார்ந்தாள். இருபத்துநான்கையும் பிரித்து மறுபடி மடித்தாள். துணியில் ஓடிய வெள்ளைக் கோடு அங்கங்கே மடிப்பை விட்டு விலகியிருந்தது. விலகினதையெல்லாம் மடிப்பின் நட்ட நடுவுக்குக் கொண்டுவந்து, கையால் ஓட்டுத்தையல் போட்டு, ஈரத்துணி விரித்துத் தேய்த்தாள். பழைய பட்டை நீளம் போதாது. கறுப்புக் கெட்டித் துணியில் புதிதாக வெட்டினாள். அத்தனை மடிப்புக் கனத்தையும் ஒரே பட்டைக்குள் அடக்கும்போது இரண்டு ஊசி உடைந்தது. ஜீன்ஸ் ஊசியை மாட்டி, காலைப் பெடலில் வைத்தாள். அதற்கப்புறம் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டை ஒரு சுருக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. டவுன் கடையில் அப்படி ஒன்று வைக்க ஆள் இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவளும் போனாள், பையில் ஊசிநூலோடு. விஸ்வலிங்கம் வரிசையின் பின்பக்கமாகவே நடந்து வந்து, தேவன் பின்னால் நின்றார்.

"நடந்து காட்டும்."

தேவன் நடந்தான். மடிப்புகள் ஒன்றாக ஆடி ஒன்றாக விழுந்தன. விஸ்வலிங்கம் முழங்கால் வலியோடு குனிந்து, வெள்ளைக் கோடுகளை ஓரம் விட்டு ஓரம் பார்த்தார்.

"ஆர் தைச்சது?"

"எங்க அண்ணி சார்."

அவர் நவமணியைத் திரும்பிப் பார்த்தார். "மலிவுக்கு வாங்கினது எண்டு கேள்விப்பட்டன்."

"ஆமாங்க சார். வாங்குனது மட்டுந்தான் மலிவு."

விஸ்வலிங்கம் இன்னொரு தடவை கோடுகளைப் பார்த்தார். பிறகு தேவனிடம், "நாளைக்கு நேரத்தோட வாரும்," என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்குமேல் வந்ததாகச் சரித்திரம் இல்லை. நவமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை திடலில் எல்லாரும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் முண்டியடித்தார்கள். நவமணி மட்டும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பேண்டு கடந்துபோன பிறகு முதுகு தெரிகிற இடத்தில் போய் நின்றாள். டிரம் அதிர அதிரத் தேவன் அவளைத் தாண்டிப் போனான். அடிக்கு அடி மடிப்பு விரிந்து மூடியது. ஒரு கோடு விலகவில்லை, ஒரு ஓரம் தூக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத அவளிடம் நவமணி சொன்னாள்:

"அந்தப் பெரிய டிரம்மு அடிக்கிறவருக்குப் பட்டை வச்சது நாந்தான்."

"எந்தப் பட்டை, அக்கா? ஒன்னும் தெரியலையே."

"தெரியாதுலா. மேல பெல்ட்டு போட்டிருக்கு. அதுதான் மொத்தத்தையும் புடிச்சிக்கிட்டுப் போவுது."

அந்தப் பெண் சரியென்று தலையை ஆட்டினாள். நவமணிக்கு அது போதவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, நின்றுகொண்டிருந்த மலாய்க்கார அம்மாவிடம் மலாயில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.