மான் வந்த பக்கம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும். நகர்ந்தால் ஒரு வண்டி நீளம் நகரும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாதி ஆயுளை அந்த வரிசையில் கழித்தவன் நான். இளவட்ட டிரைவர்கள் இறங்கி ஒன்றுகூடிக் கதை பேசுவார்கள். ஒரு நாள் ஒருவன் என் பக்கம் திரும்பி, "மாமு, நீ இத்தினி வருஷம் ஓட்டிகினு கீற. எதையாவது அடிச்சிக்கிறியா?" என்று கேட்டான். நாய் என்று சொல்லிவைத்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. மான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதுவும் அடித்தது நான் இல்லை, எங்கள் அப்பா.

அப்பா கடலுக்குப் போகிறவர். திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீடு. அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன்காரன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மீன் பிடிக்கிறவனுக்கு அந்தச் சட்டம் செல்லாது. செல்லும் என்றால் குப்பத்தில் பாதி அடுப்பு எரியாது. ஆனால் அப்பா இந்தத் தடவை எதற்கும் இடம் கொடுக்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை வலையைத் தொடுவதில்லை என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டு, காசிமேட்டிலிருந்து வெளியூர்ச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிப் போகும் டெம்போ ஒன்றை ஓட்டப் போனார். அடுத்தவன் பிடித்த மீனை ஏற்றுவது பாவத்தில் சேராது என்பது அவர் முடிவு.

சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க அண்ணன் சாமியாராய்ட்டாருபா. மீன் புடிக்க மாட்டாரு. கொயம்புல வந்தா மட்டும் வுடமாட்டாரு."

அன்று சந்தைக்குப் போகிற வழியில் ஒரு வேண்டுதலுக்காக அம்மாவும் வண்டியில் ஏறினாள். ஊத்துக்கோட்டை தாண்டி மலையடிவாரத்தில் ஒரு அம்மன் கோயில். அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். கடல் தெரியாமல் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். அப்பா ஓட்டினார், அம்மா நடுவில், நான் ஜன்னல் ஓரம். சித்தப்பா பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் படுத்துக்கொண்டு வந்தார். அம்மா வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. அவள் சுபாவம் அது. எனக்கும் அவளிடமிருந்து வந்ததுதான்.

நன்றாக விடிந்துவிட்டிருந்தது. இடது பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, வலது பக்கம் புதர்க்காடும் மலையும். கொல்லைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழும்பியது. ஓடி வந்தது என்று சொல்ல முடியாது. மீன் தண்ணீரை விட்டு எழும்புமே, அப்படி. அப்பா பிரேக்கை மிதிப்பதற்குள் முன்பக்கம் தட்டென்று ஒரு சத்தம். பின்னால் பெட்டிகள் சரிந்தன. சித்தப்பா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

புள்ளிமான். கொம்பில்லாத பெட்டை. ரோட்டில் கிடந்தபடி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பின்னங்கால் ஒன்று அதனுடையது இல்லாததுபோல் மடங்கிக் கிடந்தது.

அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "உசுரு கீதா?" என்று கேட்டார்.

"கீது, கீது. கண்ணு முழிச்சிகினுதான் கீது" என்றார் இறங்கிப் போன சித்தப்பா. ரோட்டை முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒரு பெட்டிய காலி பண்ணி ஐஸ்ல போட்டுக்கலாமா? ஒரு பயலுக்கும் தெரியாது."

"வாய மூடுறா கய்தே. உங்க அண்ணி வயித்துல புள்ள கீது."

எங்கள் பக்கம் வலையில் ஆமை மாட்டினால் கொல்ல மாட்டார்கள். அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, தெரியாமல் நடந்துவிட்டது தாயே என்று கும்பிட்டு, வந்த கடலிலேயே விட்டுவிடுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். அம்மனுக்கு என்று அம்மா எடுத்து வந்த பையை வாங்கிக்கொண்டு இறங்கி, மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து மானின் நெற்றியில் வைத்தார். அது மிரண்டு தலையை உதறியதில் அவர் சட்டையெல்லாம் குங்குமம். "தெரியாம பட்டுட்ச்சி தாயே. மனசுல வெச்சிக்காதே" என்றார். ஆமைக்குச் சொல்கிற அதே வார்த்தை.

அதற்கப்புறம்தான் சிக்கல் வந்தது. ஆமை என்றால் கடல், வேறு இடம் கிடையாது. மானை எங்கே விடுவது?

"அது காட்டுக்குப் போவசொல்லோதான் அடிபட்டுச்சி. மலைப் பக்கமா வுடு" என்றார் சித்தப்பா.

"அது இன்னா டிக்கெட்டா வாங்கிகினு போச்சி? வந்த எடத்துலதான் வுடணும். அதான் மொற." அப்பா என்னிடம் திரும்பினார். "டேய், நீதான் ஓரத்துல குந்திகினு இருந்தே. எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி?"

நான் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன். அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்டு அதன்படி நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அந்தாண்ட காட்டுல வுட்டா ஆவாதா?" என்றாள் அம்மா, காதில் விழுந்தும் விழாமலும். அப்பா அதற்குள் மானை அணைத்துத் தூக்கிவிட்டார்.

கொல்லை வரப்பில் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். பெரியவர் ஒருவர், அவர் மகன் வயதில் ஒருவன். இவர்கள் எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அடடா, பட்டுடுச்சாங்கண்ணா? இப்டி வைங்க, இப்டி வைங்க" என்று செடியை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். "தண்ணி காட்டி, பச்சிலை வெச்சிக் கட்டி வுட்டுர்றோம். நீங்க கவலப்படாம போங்க." இளையவன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்பா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தோடு நிற்காமல் சித்தப்பாவிடம் ஒரு கூடை சங்கரா மீனையும் இறக்கிக் கொடுக்கச் சொன்னார். "மானும் போச்சி, மீனும் போச்சி" என்று முனகிக்கொண்டே சித்தப்பா இறக்கினார்.

வண்டியில் ஏறியதும் அப்பா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். முகம் இரண்டு நாள் கடலில் கிடந்து திரும்பியவர் முகம்போல் இருந்தது.

"பொழச்சிக்குமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பொழச்சிக்கும். எங்க ஊர்ல எத்தினி பாத்துக்கிறேன். கால் கூடினா மறுபடி ஓடும். நீ வண்டிய எடு."

வண்டி கிளம்பியது. அம்மா பேச ஆரம்பித்தாள். என் பக்கம் முதுகைக் காட்டி, முழுசாக அப்பாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பேசினாள். பிறக்கப்போவது பெண்தான் என்றாள். என்ன பேர் வைக்கலாம் என்றாள். அப்பா ஒரு பேர் சொன்னால், "அய்ய, அது உங்க அத்தை பேரு, வாயாடியா வரும்" என்று சிரித்தாள். வழியில் தெரிந்த மரத்தை எல்லாம் காட்டி அது என்ன, இது என்ன என்று அவளே கேட்டு அவளே சொன்னாள். அப்பா அவளையும் ரோட்டையும் மாறிமாறிப் பார்த்தபடி ஓட்டினார். மெல்ல அவர் முகம் தெளிந்தது.

என் பக்கத்துக் கண்ணாடியில் எனக்குக் கொல்லை தெரிந்தது. அந்த இரண்டு பேரும் மானின் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு கழியில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மானின் தலை கீழே தொங்கி ஆடியது. வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, "நைனா, மான..." என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி என் வாயைப் பொத்தினாள். பேச்சையும் விடவில்லை.

மழைக்காலத்தில் தங்கச்சி பிறந்தாள். தங்கினாள். அப்பா மறுபடி கடலுக்குப் போனார். தங்கச்சி கல்யாணத்தில்கூடச் சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னார். "அந்த மானு பொழச்சதாலதான் எம்பொண்ணு பொழச்சா. இன்னிக்கும் அந்தக் கொல்லையில குட்டியோட மேஞ்சிகினு கீது" என்றார். அவர் சொல்ல ஆரம்பித்தால் அம்மா தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். நான் டிரைவராகி அந்த ரோட்டில் போய்வந்த பிறகுதான், கொல்லைக்காரர்களுக்கு மான் என்பது செடியை மேய்கிற திருடன், கையில் கிடைத்தால் கறி என்று தெரிந்தது. அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும். அதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டதில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் இல்லை.

அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அம்மா இவ்வளவு பேசுவாளா என்று ஆச்சரியப்பட்டு அவள் முதுகில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். ரோடு மலையைச் சுற்றி வளைந்தது. கொல்லை கண்ணாடியை விட்டு மறைந்தது. அம்மா பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு முன்னால் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

பேசிப் பேசிக் களைத்துவிட்டாள், தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன்.