அக்காவின் கணக்குப் பாடம்

அச்சுவேலியில் பருத்தித்துறை பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து ஓர் அக்கா மகளின் பள்ளிக்கூட டேப்லெட்டில் கணக்குச் செய்கிறார். மகள் கச்சான் கடலை கொறிக்கிறாள்.

"பிள்ளையின்ரை கெட்டித்தனத்தைப் பாத்து இது கணக்குக் குடுக்கும், தம்பி. இவளுக்காக நான் செய்து செய்து, இப்ப எனக்கே விளங்காத கணக்கு வருது. நாளைக்கு ரீச்சருக்கு முன்னாலை இவள் செய்து காட்டவேணும்."

"அப்ப நீங்கள் ரியூசனுக்குப் போங்கோவன், அக்கா."

"பகிடி விடாமல் இதைச் செய்து தாரும்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனமாரச் செய்கிறேன். எல்லாம் பிழை. கணக்குகள் இலேசாகி இலேசாகி, கடைசியில் வெறும் கூட்டல் வருகிறது. மகள் எட்டிப் பார்க்கிறாள்.

"அம்மா, உது எனக்குத் தெரியும்."

பஸ் வருகிறது. அக்கா என் பையைப் பிடித்துக்கொள்கிறார்.

"அடுத்த பஸ்ஸிலை போகலாம், தம்பி. விஞ்ஞானமும் கிடக்கு."