மீன் குடல், ஆறு கிலோ

என் தங்கை ஓஷில்டின் கணவர் தோர்ஃபினுக்கு ஐம்பத்தொன்பது வயது. பதினாறு வயதில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகில் சமையலுக்குப் போனவர், அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல் ஆறு வாரம் கரையில் இருந்ததில்லை. எங்கள் துறைமுக ஊரான ஃபோஸ்னவோக்கில் இது பெரிய விஷயமில்லை. இங்கே பாதி வீடுகளில் நான்கு வாரம் ஆண் இருப்பான், நான்கு வாரம் இருக்க மாட்டான். பெண்கள் இரண்டுக்கும் பழகிக்கொள்கிறார்கள்.

கடைசிப் பதினோரு வருடமாக அவர் ஹாவ்கிளிம்ட் என்ற கப்பலில் சமைக்கிறார். வடகடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குக் குழாய், சிமெண்ட், சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகும் கப்பல். பதின்மூன்று பேர். சனிக்கிழமை அரிசிக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி. யாரும் குறை சொன்னதில்லை.

அந்தக் கப்பலுக்கு ஒரு சுத்தப் பட்டம் உண்டு. சட்டம் கேட்பதற்கு மேல், முதலாளி தானாக விரும்பி வாங்கிக்கொள்வது அது. எரிபொருள் தொட்டி வெளித்தகட்டை ஒட்டி இருக்கக் கூடாது. குளிர்பெட்டி வாயு கசியக் கூடாது. சாப்பாட்டு மிச்சம் உட்பட எந்தக் குப்பையும் கடலில் போகாமல் கரைக்கு வர வேண்டும். கப்பல்களைத் தரம் பார்க்கும் நிறுவனத்திலிருந்து வருடம் ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பட்டம் இல்லாத கப்பலை எண்ணெய்க் கம்பெனிகள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

“விருப்பம்னா, வேணாம்னும் சொல்லலாம்தானே?” என்று தோர்ஃபின் ஆரம்பத்திலேயே கேட்டார். அவரையே கப்பலின் சுற்றுச்சூழல் பொறுப்பாளராகப் போட்டார்கள். குப்பை அதிகம் வருவது சமையலறையிலிருந்துதானாம். நான்கு வருடமாகக் கழிவுப் பதிவேட்டை அவர்தான் எழுதுகிறார். ‘கடலில் போட்டது’ என்ற கட்டத்தில் நான்கு வருடமும் பூஜ்யம்.

போன மே மாதம் அவர் விடுப்பில் இருந்தபோது முழங்கால் வீங்கிவிட்டது. நான் முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். கட்டுப்போடப் போயிருந்தேன். அப்போது அலுவலகத்திலிருந்து ஸ்தூர்லே கூப்பிட்டான். கப்பல்களின் காகிதங்களைப் பார்ப்பவன் அவன். தோர்ஃபின் கையில் உருளைக்கிழங்கு இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

“வியாழக்கிழமை கப்பல் இங்க வருது. ஆய்வாளரும் வர்றாங்க. உன் பதிவேட்டுல மீன் குடல், ஆறு கிலோ, கடலில்னு ஒரு வரி இருக்கு. என்ன அது?”

“மீன் குடல். ஆறு கிலோ. கடலில்.”

“தோர்ஃபின், விளையாடாத.”

“மேடைக்காரன் கூப்பிடுற வரைக்கும் சும்மா நின்னோம். பசங்க தூண்டில் போட்டாங்க, பதினாலு காட் மீன் கிடைச்சுது. மேல்தளத்துலயே கழுவினேன். குடலைக் கடல்பறவைங்களுக்குப் போட்டேன்.”

“சரி, வந்து அந்த வரியை அடிச்சுடு. தவறிப்போய் எழுதிட்டேன்னு பக்கத்துல கையெழுத்துப் போடு. எழுதினவன்தான் அடிக்க முடியும்.”

“தவறிப்போய் எழுதலையே.”

“கடல்ல இருந்து வந்தது கடலுக்கே போச்சு. அது குப்பையே இல்லப்பா.”

“குப்பையில்லன்னா அது அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே. ஏன் அடிக்கணும்?”

இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் முடிகிறது, பட்டம் போனால் புதுப்பிக்க மாட்டார்கள், ரெண்டு ஷிஃப்டும் சேர்த்து இருபத்தாறு பேர் வேலை என்று சொல்லிவிட்டு ஸ்தூர்லே போனை வைத்தான்.

“எப்பவும் போடுறதுதானே, இந்த ஒரு தடவை மட்டும் ஏன் எழுதின?” என்று கேட்டேன்.

“புதுப் படிவம் கொடுத்தாங்க, எடை எவ்வளவுன்னு ஒரு கட்டம். நான் ஏற்கெனவே மீனை எடை போட்டிருந்தேன், முழுசாவும் கழுவினப்புறமும். கழிச்சா ஆறு. எண்ணு கையில இருந்துது, எழுதிட்டேன்.”

“எழுதினதை அடிக்காத. நாங்க மாத்திரை கொடுத்தா எழுதுவோம், கொடுக்கலன்னா எழுத மாட்டோம். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா குட்னி? நாலு வருஷமா குடல் போட்டிருக்கேனே, எழுதலையே. இது குப்பைன்னா அந்தப் பூஜ்யமெல்லாம் பொய். குப்பையில்லன்னா இந்த வரி பொய். எப்படிப் பார்த்தாலும் பொய்க்குக் கீழ என் கையெழுத்துதான் இருக்கு.”

காலுறையைக் கழற்றச் சொன்னேன்.

ஓஷில்ட் அடுப்புப் பக்கமிருந்து சொன்னாள்: “முப்பத்தாறு வருஷமா என்கிட்ட எதையும் ஒழுங்கா சொன்னதில்லை. காகிதத்துக்கு மட்டும் உண்மை சொல்றாராம்.”

வியாழக்கிழமை நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அந்த முழங்காலோடு கப்பல் படியில் அவரைத் தனியாக ஏற விடுவதாக இல்லை; நானும் ஏறினேன். சாப்பாட்டு அறையில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். பதிவேடு மேசைமேல் இருந்தது. ஸ்தூர்லே பேனாவைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தான். தோர்ஃபின் பேனாவை எடுத்தார், வரியைப் பார்த்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். அதற்குள் ஆய்வாளர் இயந்திர அறையிலிருந்து ஏறி வந்துவிட்டாள்.

இங்வில் என்று பெயர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எண்ணெய்த் தொட்டி சரி, வாயு சரி, கழிவுநீர் சரி என்று சொல்லிக்கொண்டே வாஃபிள் அப்பத்தில் பழுப்புச் சீஸ் வைத்துத் தின்றாள். பிறகு பதிவேட்டைத் திறந்தாள். நான்கு வருடப் பூஜ்யங்களை வேகமாகப் புரட்டியவள் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

“இதென்ன, மீன் குடல்?”

“தவறிப்போய்...” என்று ஸ்தூர்லே ஆரம்பித்தான்.

“எழுதினது நீயா?” என்று அவனைக் கேட்டாள்.

“நான்தான். தவறிப்போய் இல்ல,” என்றார் தோர்ஃபின்.

“பிடிச்ச மீன் சட்டப்படி குப்பை இல்லன்னு நினைக்கிறேன். ஆனா உங்க கப்பலோட குப்பைத் திட்டத்துல ‘சமையலறையிலிருந்து வரும் எதுவும்’னு போட்டிருக்கு.” அவள் நெற்றியைச் சொறிந்தாள். “எங்க வெச்சுக் கழுவின?”

“மேல்தளத்துல.”

“அப்ப சமையலறை இல்ல.”

“பலகை சமையலறைப் பலகை.”

“கத்தி?”

“அதுவும்.”

ஸ்தூர்லே முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். இங்வில் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே ஒருவர் குப்பை என்றாராம், பக்கத்து அறைக்காரர் இல்லை என்றாராம். பலகை எங்கே இருந்தால் என்ன என்று மூன்றாவது ஒருவர் கேட்டிருக்கிறார். அரை மணி நேரம் ஆயிற்று. முதியோர் இல்லத்திலும் இப்படித்தான். மேலே கேட்டால் கீழே இருப்பதைவிடக் குழப்பம் அதிகம்.

போனை வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “இதுதான் முதல் தடவையா?”

ஆமாம் என்ற ஒரே சொல் போதும். பழைய பூஜ்யங்களை யாரும் கிளற மாட்டார்கள். ஸ்தூர்லே அதை உதட்டசைவில் சொல்லியே காட்டினான்.

“இல்ல,” என்றார் தோர்ஃபின். “நாலு வருஷமா போட்டிருக்கேன். எத்தனை தடவைன்னு எண்ணல. குப்பைன்னு தெரியாது. இப்பவும் தெரியல. உனக்கே தெரியலையே.”

இங்வில் வெகுநேரம் எழுதினாள். பிறகு வாசித்துக் காட்டினாள். பட்டம் இருக்கும். ஆனால் கப்பலின் திட்டம் தெளிவாக இல்லை. பிடித்த மீனின் குடல் குப்பையா இல்லையா என்று மூன்று மாதத்துக்குள் கப்பலே முடிவுசெய்து எழுத வேண்டும். பழைய பூஜ்யங்களில் மீன் சேரவில்லை என்று பதிவேட்டில் ஒரு குறிப்பும் வேண்டும்.

“நாங்களே முடிவு பண்ணணுமா? நீங்க சொல்ல மாட்டீங்களா?” என்றார் தோர்ஃபின்.

“இது விருப்பத் தரம்தானே. என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லுங்க. சொன்னபடி செய்றீங்களான்னு நாங்க பார்ப்போம்.”

“யார் எழுதணும்?” என்று கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அந்தத் திட்டத்தோடு மூன்று மாதம் அல்லாடினார். குப்பையில்லை என்று எழுதினால் எதையும் மாற்ற வேண்டாம், ஸ்தூர்லேயும் அதைத்தான் சொன்னான். “தலையை மட்டும் போட்டா? தோலை? வறுத்த மீன்ல மிஞ்சினதை?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் கிடந்தது. கடைசியில் எல்லாம் குப்பை, எல்லாம் கரைக்கு என்று ஒரே வரி எழுதினார். ஸ்தூர்லே இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

செப்டம்பரில் நாற்பது காட் பிடித்திருக்கிறார்கள். துறைமுகத்துக் குப்பைக்காரனிடம் குடல் வாளிகளை நீட்டினால் அவன் சிரித்தானாம். “மீன் குடலா? கடல்ல போடுய்யா, எல்லாரும் அங்கதான் போடுறாங்க.” வாங்க மாட்டேன் என்றுவிட்டான். தோர்ஃபின் இரண்டு வாளியையும், அவரைக் கூட்டிப்போக வந்திருந்த என் காரில் ஏற்றினார்.

“எங்க கொண்டுபோற?”

“தெரியல. கரைக்குன்னு எழுதினேன், கரைக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் எதுவும் எழுதலையே.”

“என் வீட்டுக் குப்பைத் தொட்டியில போடக் கூடாது. அடுத்த வண்டி பத்து நாள் கழிச்சுதான் வரும்.”

வாளிகள் ஓஷில்டின் உறைபெட்டிக்குப் போயின. அங்கிருந்த ஆட்டிறைச்சியை எடுத்து நாங்கள் அன்றே சமைக்க வேண்டியதாயிற்று. சாப்பிட்டு முடித்ததும் அவர் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, ‘கடலில் போட்டது’ கட்டத்துக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தார். பூஜ்யம். “இது சரிதானே குட்னி?” என்று கேட்டார். சரிதான் என்றேன்.