நர்கீஸுக்குச் சொல்லாத செய்தி

நர்கீஸைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் எங்கள் தெருவில் உண்டு. யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவளுடைய கண்கள் அந்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன. சும்மா பார்த்தாலே முறைக்கிற மாதிரி இருக்கும். கழுத்து வீங்கி, முக்காட்டை இழுத்து இழுத்து மூட ஆரம்பித்த பிறகுதான் அது திமிர் இல்லை, நோய் என்று இவர்களுக்கு உறைத்தது.

நான் அவளுக்கு அடுத்த வீடு. பெயர் சகாயராணி. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குக் குறைவில்லை அல்லவா, அந்தக் கடைகளுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பதுதான் நர்கீஸின் பிழைப்பு. காலையில் வாசலில் மூட்டை இறங்கும். சாயங்காலத்துக்குள் உரித்துத் தந்துவிட வேண்டும். நான் ஒரு கை அள்ளி உரிப்பதற்குள் அவள் ஒரு முறம் முடித்திருப்பாள். அந்தக் கைதான் முதலில் நடுங்கியது. கத்தி வழுக்கி விரலெல்லாம் வெட்டு. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள், ஆனாலும் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிற அளவுக்கு இளைத்தாள். மார்கழிக் குளிரில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறி இறங்கின மாதிரி நெஞ்சு அடிக்கிறது என்பாள்.

சர்க்கரை என்றார்கள், இல்லை. கண்ணேறு என்றார்கள், ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. கடைசியில் ஒரு லேடி டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு. எங்களுக்கு அது புதிய பேர் இல்லை. தெருவில் பாதிப் பெண்கள் விடிந்ததும் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறோம். ஆனால் எங்களுக்கெல்லாம் குறைவாகச் சுரந்து உடம்பு போடுகிற ஜாதி. இவளுக்கு அது அதிகமாகச் சுரந்து ஆளையே உருக்கிக்கொண்டிருந்தது.

மதுரையில் பெரிய டாக்டரிடம் போனார்கள். கழுத்தில் இருக்கும் சுரப்பியை எடுத்துவிடலாம் என்றார். ஆனால் முதலில் மாத்திரை சாப்பிட்டு நெஞ்சுப் படபடப்பு அடங்க வேண்டும், அடங்காமல் மயக்க மருந்து கொடுத்தால் மேஜையிலேயே உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். பதட்டப்படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் வீட்டுக்காரர் இஷாக்கிடம் தனியாகவும் சொல்லி அனுப்பினார்.

இஷாக் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷன். இதை இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். நானும் திட்டினேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் செத்தது. டிவி வயரைப் பிடுங்கினார். விசில் சத்தம் ஆகாது என்று குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, சோற்றைப் பானையில் வடிக்கச் சொன்னார். மகள் ருக்ஸார் பிளஸ் டூ படிக்கிறவள். அவள் அரைப்பரீட்சையில் கணக்கில் தவறியது அம்மாவுக்குத் தெரியாது. கொரோனாக் காலத்தில் வாங்கின, விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று அவர்களிடம் இருந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் இஷாக் அதை நர்கீஸின் விரலில் மாட்டி, அதில் தெரிகிற நாடித்துடிப்பு எண்ணைப் பார்ப்பார். எண் குறைந்தால் அன்றைக்கு அவருக்குப் பெருநாள். ஏறினால் யார் என்ன சொன்னார்கள் என்று வீடே விசாரணையில் நிற்கும்.

நர்கீஸின் அம்மா ரம்ஜான் பீவி நத்தத்தில் மகன் பாரூக்கோடு இருந்தார். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவன் பாரூக். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அம்மாவும் மகளும் போனில் பேசுவார்கள். ஒரு நாள் பேசும்போது அம்மா அழுதுவிட்டார். பிறகு கிளிப்பை மாட்டினால் எண் எகிறிக் கிடந்தது. அத்தோடு தினப் பேச்சு நின்று, எப்போதாவது இஷாக் முன்னால் இரண்டு வார்த்தை என்று ஆனது. வந்து மகளோடு இருக்கிறேன் என்று அந்த அம்மா எத்தனையோ முறை கேட்டார். எங்கம்மா பக்கத்தில் படுத்தால் எனக்குத் தூக்கமாவது வரும் என்று இவளும் கெஞ்சினாள். ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் வந்து இருக்கட்டும் என்றார் இஷாக். அன்பினால் செய்கிறோம் என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. நானும் கேட்கவில்லை, அப்போது எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

மாத்திரை வேலை செய்தது. நெஞ்சு அடங்கியது. மாசி மாத நடுவில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, காலைத் தொழுகைக்கு உட்கார்ந்த ரம்ஜான் பீவி அந்தப் பாயிலேயே சாய்ந்துவிட்டார். பாரூக் தங்கைக்குப் போன் செய்யவில்லை. கிடங்குக்குத்தான் செய்தான். ஒரு உயிர் போய்விட்டது, இன்னொரு உயிரையும் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம், அவளுக்குச் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். இஷாக்கின் மனதிலும் அதுதான் இருந்தது. லோடு விஷயமாக வெளியூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்த ருக்ஸாரை அழைத்துக்கொண்டு நத்தம் போனார். மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடக்கம் செய்துவிட்டார்கள். சாயங்காலம் ருக்ஸார் அதே யூனிஃபார்மில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாதிரி வந்தாள்.

எங்களவர்கள் என்றால் ஆணும் பெண்ணும் கல்லறை வரைக்கும் போவோம். வருடா வருடம் போய் மெழுகுவர்த்தியும் ஏற்றுவோம். இங்கே அவர்கள் பக்கம் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் இல்லை. வீட்டில் வைத்து முகம் பார்ப்பதோடு சரி. ஒரு மகளுக்கு அம்மாவிடம் விடைபெற அந்தக் கொஞ்ச நேரம்தான் உண்டு. அது போனால் திரும்ப வாங்க வழியே இல்லை. இஷாக்குக்கும் பாரூக்குக்கும் இது தெரியாததா? தெரிந்துதான் செய்தார்கள்.

எனக்கும் சொல்லவில்லை. என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அம்மாவின் போன் ரிப்பேர், பாரூக் தோப்பில் இருக்கிறான், அங்கே சிக்னல் இல்லை என்று நாளுக்கு ஒரு காரணம் சொல்லி ஓட்டினார்கள். வெங்காயக் கத்தியைத் தொட்டே பார்க்காத ருக்ஸார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எதிரில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக உரித்தாள். வெங்காயம் உரிக்கிற வீட்டில் ஏன் அழுகிறாய் என்று யார் கேட்பார்கள்? பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நர்கீஸ் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு மூக்காயி வந்தாள். நத்தம் பக்கத்துக்காரி, புளி விற்கிறவள், ரம்ஜான் பீவி வீட்டுக்குப் பல வருடப் பழக்கம். வருடா வருடம் மகள் வீட்டுக்கும் புது புளி கொண்டு வருவாள். கூடையை இறக்கினவள் புளியைப் பற்றிப் பேசவில்லை. நர்கீஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் ஒன்னயத்தேன் எல்லாரும் எதிர்பாத்துக் கெடந்தாக. பெத்தவ மொகத்தப் பாக்கக்கூட வராமப் போயிட்டியே தாயி" என்றாள்.

நான் வாசலில் உட்கார்ந்து ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி என் விரலில் ஏறியது. நர்கீஸ் கத்தவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். போன வெள்ளிக்கு முந்தின நாள் என்றாள் மூக்காயி. அப்போதுதான் விஷயம் புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்தான் இஷாக்குக்குப் போன் போட்டேன். அவர் ஓடி வந்து செருப்போடு உள்ளே போனார். மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. முதலில் கிளிப்பைத்தான் எடுத்தார். விரலில் மாட்டி, எண் வருகிற வரைக்கும் மூச்சு விடாமல் நின்றார். வந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"எம்பத்தாறுதேன். ஒண்ணும் ஆகல. அல்ஹம்துலில்லாஹ்."

நர்கீஸ் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா மவுத்துன்னு தெரிஞ்ச பெறகும் எம் நெஞ்சு அடிச்சுக்கலங்க. மாத்திரையக் குடுத்து அதையும் அடக்கிட்டீங்க. மொகத்தப் பாத்துட்டு நான் அங்கனயே செத்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

"நீ செத்துப்போனா நானும் இந்தப் புள்ளையும் எங்கிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு இஷாக் குழந்தை மாதிரி அழுதார்.

அதுவரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நான்தான் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

மறுநாள் நத்தம் போனார்கள், நானும் கூடப் போனேன். கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே நின்றபடி பாரூக் கையை நீட்டி ஒரு மண்மேட்டைக் காட்டினான். அம்மா முகம் எப்படி இருந்தது என்று நர்கீஸ் அண்ணனிடம் கேட்டாள். தூங்குகிற மாதிரி இருந்தது என்றான். அவளுக்கு அது போதவில்லை. அம்மாவின் மய்யித்தைக் குளிப்பாட்டின பெண்ணின் வீட்டைத் தேடிப் போய் அவளிடமும் கேட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தாடையைத் துணியால் கட்டினோம், இடது கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். எந்தக் கன்னம் என்று நர்கீஸ் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. முடிந்து வெளியே வந்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். யாராவது ஒருவராவது நீங்கள் செய்தது சரிதான் என்று இஷாக்கிடம் சொல்ல மாட்டார்களா என்று எனக்கு இருந்தது. டாக்டர் சொன்னார்: "இத மறைக்கச் சொல்லி நான் சொல்லலயேம்மா. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா மருந்தக் கூட்டிக் குடுத்து, கூட ஒரு ஆளோட போய்ப் பாத்துட்டு வரச் சொல்லியிருப்பேனே." இஷாக் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் அது விழுந்தது.

இப்போது நர்கீஸுக்கு உடம்பு தேவலை. கழுத்தில் ஒரு கோடு, கண்கள் பாதி உள்வாங்கியிருக்கின்றன, கை நடுங்கவில்லை. இனி ஆயுசுக்கும் காலையில் எங்களைப் போல அவளும் மாத்திரை விழுங்க வேண்டும். வெங்காய மூட்டை மறுபடியும் இறங்குகிறது. டிவி ஓடுகிறது. அந்த வீட்டில் இப்போது அவளிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை.

பிளஸ் டூ முடிவு வந்த அன்றைக்கு இஷாக் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம், முகத்தில் சிரிப்பு. நர்கீஸ் அவர் முகத்தைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள், எழுந்து நின்றாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

ருக்ஸார் பாஸாகிவிட்டாள் என்றார் அவர். ருக்ஸார் போனை எடுத்து மார்க்கைக் காட்டினாள். நர்கீஸ் அதைப் பார்க்கவே இல்லை, என் பக்கம் திரும்பினாள்.

"சகாயக்கா, நீங்களாச்சும் மறைக்காமச் சொல்லுங்க. யாரு மவுத்து? எங்கண்ணனா?"

யாரும் இல்லை என்று சத்தியம் செய்தேன். பாரூக்குக்கே போன் போட்டு அவள் காதில் வைத்தேன். அவன் குரலைக் கேட்டாள், சரிண்ணே என்றாள், போனை என்னிடம் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் புர்காவை மாட்டிக்கொண்டு வந்து, நத்தத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.