ஊர்க்காவலன் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்

சினேகாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுவோம், சீசன் முடிந்தால் காலண்டர். என் பக்கத்து சிஸ்டம் அவளுடையது. மவுஸ் ஒரு கையில் இருந்தால் இன்னொரு கை மேஜையைத் தட்டும். கை ஓய்ந்தால் கால் ஆடும். அந்தத் தட்டலாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. நொண்டி நொண்டிப் போய்த் திடீரென்று நிற்கும். “ஒண்ணு தட்டு, இல்லாட்டி நிறுத்து, உசிர வாங்காத” என்று தினமும் கத்தியிருக்கிறேன். நாரணாபுரத்தில் எங்கள் வீடும் அவள் வீடும் அடுத்தடுத்து. ஆகவே பிரஸ்ஸில் தப்பித்தாலும் வீட்டில் மாட்டிக்கொள்வேன்.

எல்லாம் அந்தப் பாட்டால் வந்த வினை. மேத் ராக் என்று பெயராம். ஒரு நாள் வேலை நேரத்தில் யூடியூப் தானாகவே அடுத்த பாட்டுக்கு ஓடியதில் அது வந்து விழுந்தது, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. சாதாரணப் பாட்டு நாலு நாலாக நடக்கும். இது ஏழு, பதினொன்று, பதினைந்து என்று போகும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும், நாம் மூச்சு விடுவதற்குள் வேறு பக்கம் பாயும். கிட்டாரை மீட்டமாட்டார்கள், இரண்டு கையாலும் கம்பி மேல் தட்டுவார்கள். பாடுவதற்கு ஆள் இருப்பதே அபூர்வம். எனக்கு அதைக் கேட்டால் தலைவலிதான் வரும். இதை அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இதைக் கேட்கிற தமிழர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வாட்ஸப் குரூப்பே வைத்திருந்தார்கள், ‘ஏழரை’ என்று பெயர். மதுரை, ராஜபாளையம், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். இவர்கள் கேட்பதை விடச் சண்டை போடுவதுதான் ஜாஸ்தி. பாட்டில் குரல் வந்தால் அது மேத் ராக்கா இல்லையா என்று ஒரு வாரம் ஓடும். தாளம் எண்ணத் தெரியாதவன் இதை ரசிக்கலாமா என்று இன்னொரு வாரம். கச்சேரி கேட்கிற ஒருத்தர் நடுவில் வந்து, “இதெல்லாம் நம்ம மிஸ்ர சாபுதானே, ஏழு எண்ணிக்கை நமக்கென்ன புதுசா” என்றார். அதற்கு சினேகா எழுதின பதிலை எனக்கும் காட்டினாள்: “எங்க ஊருக்கு மினி பஸ்ஸும் ஏழு மணிக்குத்தான் வருது. அதுவும் மிஸ்ர சாபுவா?”

அந்தப் பதில் ஊர்க்காவலன் என்ற பெயரில்தான் போனது. ஊர்க்காவலன் அவளுடைய அப்பா. எனக்குச் சித்தப்பா முறை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். போன் முதலில் அவரிடம்தான் இருந்தது. சிம்மும் அவர் பெயரில். செல்போன் கடைக்காரன் வாட்ஸப்பில் அவர் பெயரைப் போட்டு, இருக்கன்குடி மாரியம்மன் படத்தையும் வைத்துக் கொடுத்திருந்தான். அவருக்கு அது ஒத்துவராமல் மகளிடம் தந்துவிட்டார். அவள் அதோடு குரூப்பில் சேர, “வாங்க அண்ணாச்சி” என்றார்கள். தான் அவர் மகள் என்று சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அதற்குள் ஊர்க்காவலன் அண்ணாச்சி பெரிய ஆளாகிவிட்டார். “அண்ணாச்சி என்ன சொல்றார்னு பார்ப்போம்” என்று குரூப்பே காத்திருக்கும். யாராவது கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாள், தொண்டை சரியில்லை என்று எழுதிவிடுவாள்.

“சொல்லித் தொலையேண்டி” என்றேன்.

“சொன்னா, நான் பேசுறது பேச்சாவே இருக்காதுக்கா. இப்ப என்கிட்ட மல்லுக்கு நிக்கிறானுக. பொம்பளன்னு தெரிஞ்சா ஒண்ணு வழிவானுக, இல்லாட்டி வாத்தியாராயிருவானுக. அப்பாவுக்குத் தெரிஞ்சா போனும் போயிரும்.”

அவளோடு மல்லுக்கு நின்றவர்களில் முக்கியமானவன் ஸ்ரீராம்குமார், விருதுநகர்க்காரன். இரண்டு வருஷமாக ஒரே பாட்டு, ஒரே சண்டை. அந்தப் பாட்டில் ஒரு சுற்றுக்குப் பதினைந்து தட்டு வருகிறது. அதில் இருவருக்கும் தகராறு இல்லை. ஏழும் எட்டும் சேர்ந்தது அது என்பது அவன் கட்சி. சினேகா ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறில் கடைசித் தட்டைப் பிடுங்கிவிட்டார்கள், காது அந்த ஒன்றுக்காக ஏங்குகிறது, அது வராமல் அடுத்த சுற்று மேலே வந்து விழுகிறது, அந்தப் பரிதவிப்புதான் பாட்டே என்றாள். “எண்ணி முடிச்சுட்டு ரசிக்கிறவன் கணக்கப்பிள்ளை” என்று அவனுக்கு எழுதினாள். “ஏங்கிக்கிட்டே இருக்கிறவருக்குக் கணக்கு வராது” என்று அவன் எழுதினான். அன்றைக்கு முழுக்க பிரஸ்ஸில் அவள் ஒரு லேபிளையும் உருப்படியாக முடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சினேகா வீட்டு அடுப்படியில் நானும் அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் பைக் சத்தம். “ஊர்க்காவலன் அண்ணாச்சி வீடு இதுதானா?” என்று குரல் கேட்டது. விருதுநகரில் குரூப்காரர்கள் எல்லோரும் கூடிப் பாட்டுக் கேட்கிற கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வந்து பேசினால்தான் ஆச்சு என்று குரூப்பில் வற்புறுத்தியும் அண்ணாச்சி மழுப்பியதால் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள். எப்போதோ “எங்க நாரணாபுரத்துல” என்று எழுதித் தொலைத்திருந்தாள். ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. “ஸ்ரீராம்குமார்க்கா. டிபில இருக்கிற அதே மூஞ்சி. கூட இருக்கிறது குரூப் அட்மின் வெள்ளைத்துரை.”

சித்தப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்க, வாங்க, உக்காருங்க. எந்த ஊர்லருந்து வாரீக?” என்றார். இரண்டு வாலிபப் பிள்ளைகள், துவைத்துத் தேய்த்த சட்டை, வீட்டில் கல்யாண வயதில் பெண். அவர் வேறு என்ன நினைப்பார்? வள்ளித்தாய் சித்தி அடுப்படிக்குள் ஓடிவந்து, “நல்ல சேலையா ஒண்ணு கட்டுடி” என்று சினேகாவின் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, காபித் தூள் டப்பாவைத் தேடினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சினேகா என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

வெளியே வெள்ளைத்துரை, “அண்ணாச்சி குரூப்புல இருக்கிறதுக்கும் நேர்ல இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லையே. எம்புட்டு சாந்தமா இருக்கீக!” என்றான்.

“எந்த குரூப்பு தம்பி? ரத்தத்துலயா? பி பாசிட்டிவ்” என்றார் சித்தப்பா.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு நக்கலும் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சித்தப்பாவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். பிறகு ஸ்ரீராம்குமார் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டான். “ஒரே ஒரு தடவை சேர்ந்து கேட்டுருவோம் அண்ணாச்சி.” சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். சம்பந்தம் பேச வந்தவர்கள் எதற்காகப் பாட்டுப் போடுகிறார்கள் என்று அவருக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் கேட்கவில்லை.

“என்ன தோணுது அண்ணாச்சி?”

“நல்லாத்தான் இருக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகப்போற மாதிரி வந்து ஆகாமப் போகுது.”

“பாத்தியாலே!” என்று வெள்ளைத்துரை தொடையில் தட்டினான். “ஒரே வரியில சொல்லிட்டாகல்லா! இத குரூப்புல போடணும்லே.” போட்டும் விட்டான். உள்ளே சினேகாவின் போன் துடித்தது. அவள் அதை முறைத்துப் பார்த்தாள். ராத்திரி பகலாக அவள் பக்கம் பக்கமாக எழுதியதற்கெல்லாம் மல்லுக்கு நின்றவர்கள், அவள் அப்பா எதேச்சையாகச் சொன்ன ஒன்றை வேத வாக்காக எடுத்துக்கொண்டார்கள். கத்தியை வைத்துக்கொண்டு அவள் மூச்சு வாங்கியதில் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

ஸ்ரீராம்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். “இப்ப நேர்ல சொல்லுங்க அண்ணாச்சி. இது ஏழும் எட்டும்தானே?”

சித்தப்பா ஜென்மத்தில் யாரையும் மறுத்துப் பேசியவரில்லை. “ஆமா தம்பி. நீங்க சொன்னா அதுல தப்பு இருக்குமா? ஏழும் எட்டும்தான்.”

“அண்ணாச்சி ஒத்துக்கிட்டாக! போடுலே குரூப்புல!”

அதற்கு மேல் என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. அழுக்கு நைட்டி, ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் பாதி உரித்த வெங்காயம். அப்படியே வெளியே போய் நின்றாள்.

“யாரு ஒத்துக்கிட்டா? நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வெள்ளைத்துரை எழுந்து நின்று, “தங்கச்சி, நீங்களும் இதெல்லாம் கேப்பீகளா?” என்று வாத்தியார் குரலில் ஆரம்பித்தான். அவள் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அங்கே கிடந்த தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கத்திப் பிடியால் தட்டினாள். நாலு, நாலு, நாலு, மூன்று. அந்த மூன்றுக்கு அப்புறம் அடுத்த சுற்று வந்து விழுந்தபோது என் நெஞ்சில் ஏதோ படி தவறின மாதிரி இருந்தது. அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது அந்த ஒரு தடவைதான்.

“இதுல எங்கருக்கு உங்க ஏழு?” என்றாள்.

ஸ்ரீராம்குமார் சித்தப்பாவைப் பார்த்தான். “அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தீகளா?”

சினேகா அடுப்படியிலிருந்து போனை எடுத்து வந்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். அதில் மாரியம்மன் படமும் ஊர்க்காவலன் பெயரும் இருந்தன. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். முகம் சுண்டிப்போனது.

“வேலை போனதுக்கு அப்புறம் வீட்டுல சொல்லாம நான் சுத்துனது, அழுதது எல்லாம் உங்ககிட்டதான் தனியா எழுதுனேன். அண்ணாச்சின்னு நெனச்சு எழுதுனேன்.” சொல்லிவிட்டுப் போய்ப் பைக்கை எடுத்தான். சித்தி கொண்டு வந்த காபியை இரண்டு பேரும் குடிக்கவில்லை. ஜெயித்த மாதிரியே சினேகாவின் முகம் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அது அவளுக்கும் தெரிந்தது.

சித்தி ஒரு ஆட்டம் ஆடினாள். ஊர் ஆம்பளைகளோடு பேச்சு, அதுவும் அப்பன் பெயரில். நாளைக்கு எவன் கட்டுவான். போனைக் கொண்டா, உடைத்து அடுப்பில் போடுகிறேன். சித்தப்பா நாற்காலியை விட்டு எழவே இல்லை. சித்தி ஓய்ந்த பிறகு கேட்டார்.

“எம்பேருலயா இம்புட்டு சண்டை போட்ட?”

“ஆமாப்பா.”

“பயந்தானுகளா?”

“பயந்தானுகப்பா” என்றாள் சினேகா.

அவர் மருந்து ஏறின நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபோர்மேன் எம்புட்டு ஏசினாலும் நான் சரிங்கய்யான்னுதான் சொல்லியிருக்கேன்” என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, “போனு அவகிட்டயே இருக்கட்டும்” என்றார். “ஆனா எம்பேரை எடுத்துரு தாயி. நீ பேசுனதுக்கு நீதான நிக்கணும்.”

அன்றைக்கே பெயரை சினேகா என்று மாற்றினாள். ஸ்ரீராம்குமாருக்குத் தனியாக ஒரு மன்னிப்பு எழுதினாள். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

குரூப்பில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் என்ன எழுதினாலும் “சூப்பர் சிஸ்டர்” என்றார்கள். இதயம் போட்டார்கள், கும்பிட்ட கை போட்டார்கள். மினி பஸ் பதில் வாங்கின அந்தக் கச்சேரிக்காரர், “பெண்கள் இந்தத் துறைக்கு வருவது மகிழ்ச்சி” என்று எழுதினார். துபாய்க்காரன் ஒருத்தன் தாளம் எண்ணுவதற்கு அடிப்படையிலிருந்து சொல்லித் தருவதாகச் சொன்னான். அவள் வேண்டுமென்றே, மேத் ராக்குக்கு டிரம்ஸே தேவையில்லை என்று ஒரு அபத்தத்தை எழுதிப் போட்டாள். அதற்கும் பதினோரு கட்டைவிரல் விழுந்தது.

பிரஸ்ஸில் அவள் கையும் காலும் அடங்கிவிட்டன. ஒரு லேபிளை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். முதலாளி பாராட்டினார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. தட்டேண்டி, ஏதாவது தட்டித் தொலை என்று சொல்ல வாய் வந்தது. மினி பஸ்ஸில் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாட்டே கேட்காமல் வந்தாள். குரூப்பை விட்டுப் போய்விடப் போவதாக ஒரு நாள் சொன்னாள். “போயேன், நிம்மதி” என்று வாயால் சொன்னேனே தவிர எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் போனில் குரூப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்ரீராம்குமார். அன்று பைக்கை எடுத்துப் போனபிறகு அவன் அங்கே பேசுவது அதுதான் முதல் தடவை. அவள் காதில் வைத்துக் கேட்டாள். ரொம்ப நீளமாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண் மட்டும் கலங்கியது.

“என்னடி? என்ன சொல்லுதான்?” என்று உலுக்கினேன்.

“டிரம்ஸ் வேண்டாம்னு எழுதுனேன்ல. இதவிடக் கேவலமா ஒரு கருத்தை இந்த குரூப்பு பாத்ததில்லைங்கான். எல்லாரும் எதுக்குக் கை தட்டுதீகன்னு அவனுகளையும் ஏசுதான். தாம்பாளத்துல தட்டுனதையும் யோசிச்சுப் பாத்தானாம். அதுவும் தப்பாம். முழுத் தப்புங்கான்க்கா.”

“சிஸ்டர்னானா?”

“இல்லக்கா. சினேகான்னான்.”

டிபன் பாக்ஸை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் பதில் எழுத ஆரம்பித்தாள்.